கடலிலிருந்து பார்த்த ஊர்

என் ஊர் கன்னியாகுமரி என்று சொன்னால் அந்த ஊரைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. உடனே தங்களுடைய கன்னியாகுமரியை எனக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பள்ளிச் சுற்றுலாவில் வந்து விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் வாந்தியெடுத்தவர், திருமணமான புதிதில் மனைவியோடு வந்து மேகமூட்டத்தால் சூரிய உதயத்தைத் தவறவிட்டவர், சபரிமலை யாத்திரையின் வழியில் கழுத்து மாலையோடு கடலில் முங்கி எழுந்தவர் என்று தமிழ்நாட்டில் அநேகமாக எல்லோரிடமும் என் ஊரைப் பற்றிய நினைவு ஒன்று இருக்கிறது. நாற்பது வருடங்களாக அவற்றைக் கேட்டுவருகிறேன். சொல்லி முடித்ததும் எல்லோரும் தவறாமல் ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பார்கள்: “அப்போதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தது! இப்போது கெட்டுப்போய்விட்டது.”

1970-இல் வந்தவரும் இதைச் சொல்கிறார். 1985-இல் வந்தவரும் சொல்கிறார். அண்மையில் ஒரு விருந்தில் சந்தித்த இளைஞர், தாம் 2010-இல் பார்த்த கன்னியாகுமரி இப்போது இல்லை என்று உண்மையான துயரத்தோடு சொன்னார். ஓர் ஊர் இத்தனை முறை கெட்டுப்போக முடியுமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொருவரும் தாம் முதலில் பார்த்த நாளையே ஊரின் பொற்காலமாக வைத்துக்கொள்கிறார்கள் போலும்.

வந்துபோனவர்கள் அப்படி ஏங்குவதில் குற்றம் காண ஒன்றுமில்லை. அவர்களுக்கு அந்த ஊர் இரண்டு நாள் விடுமுறை. அதற்குரிய நினைவு அது. ஆனால் அங்கேயே பிறந்து, அங்கேயே உண்டு, அங்கேயே படித்து வளர்ந்த எங்களைப் போன்றவர்கள், பிழைப்புக்காக வெளியேறிய பிறகு அதே குரலில் எழுதத் தொடங்குகிறோம். கடலோரச் சிற்றூரில் கழிந்த பால்யம் என்பது இன்று தமிழில் ஒரு தனிக் கட்டுரை வகையாகவே ஆகிவிட்டது. அந்த வகையில் ஒரு பிழை இருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். ஏனென்றால் அந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன்.

*

சுற்றுலா ஊரில் வளர்வது எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் எங்கள் தெருவின் நாள் அதிகாலை நாலரை மணிக்குத் தொடங்கும். லாட்ஜுகளில் வேலை பார்த்த பையன்கள் வரிசையாகக் கதவுகளைத் தட்டி, உதயத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒவ்வொரு மொழியிலும் கூவிக்கொண்டு போவார்கள். அரைத்தூக்கத்தில் போர்வையோடு ஜனங்கள் கடற்கரைக்கு நடப்பார்கள். அதற்கு முன்பே என் அப்பா கடையைத் திறந்திருக்க வேண்டும். சங்கு, சோழி, சிப்பியில் செய்த பொம்மைகள், பாசி மாலைகள், பனையோலைப் பெட்டிகள். சூரியன் எழுந்து அரைமணி நேரத்துக்குள் கூட்டம் கலைந்துவிடும். காபியும் கடையும் தேடி அவர்கள் திரும்பும் அந்த அரைமணி நேரம்தான் எங்கள் அறுவடை. இதில் நம்ப முடியாத ஒன்று உண்டு. பள்ளிப்படிப்பு முடியும்வரை நான் கன்னியாகுமரியில் சூரிய உதயத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. சூரியன் எழும்போதெல்லாம் நான் கடைக்குள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்களின் முகத்தில் விழும் வெளிச்சத்தை வைத்தே சூரியன் வந்துவிட்டதை அறிந்துகொள்வேன்.

இரவில் அம்மாவுக்கு வேறு வேலை. வண்ண மணலைப் பாலிதீன் பைகளில் அளந்து போட்டு, வாயை இரும்பறுக்கும் பிளேடால் மடித்துப் பிடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு பொட்டலத்தில் கறுப்பு, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் அரிசிக் குறுணையைப் போன்ற வெளிர் மணல். அதன் கதை எல்லோருக்கும் தெரிந்தது. சுசீந்திரத்திலிருந்து மணமகனாகப் புறப்பட்ட சிவன், நாரதர் சேவலாகிக் கூவியதால் விடிந்துவிட்டதென்று எண்ணித் திரும்பிப் போனார். நின்றுபோன திருமணத்துக்காகக் குவித்துவைத்திருந்த அரிசியும் தானியங்களும் மணலாகிவிட்டன. அப்பா இந்தக் கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் முழுமையாகவும், இந்தியில் சுருக்கமாகவும் சொல்லுவார். கறுப்பு மணல் இல்மனைட் என்பதையும் சிவப்பு மணல் கார்னெட் என்பதையும் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, வீட்டுக்கு வந்து பெருமையோடு சொன்னேன். “அதைக் கடையில வச்சுச் சொல்லிராத” என்றாள் அம்மா.

பள்ளிப் புத்தகத்தில் இருந்த பருவங்கள் எங்களுக்குப் பொருந்தாது. பத்து மைல் உள்ளே நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். எங்களுக்குக் கோடை விடுமுறை ஒரு போகம், பூஜை விடுமுறைக்கு வங்காளிகள் வருவது ஒரு போகம், கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகரவிளக்குவரை நீளும் ஐயப்ப சீசன் பெரும் போகம். ஆனி, ஆடிக் காற்றில் கடல் சீறி, பாறைக்குப் படகு நின்றுவிட்டால் அது எங்கள் பஞ்சகாலம். வங்காளியிலும் மராத்தியிலும் நூறுவரை எண்ண எனக்குத் தெரிந்திருந்தது. பேரம் பேசும் எண்களைத் தவிர அந்த மொழிகளில் வேறொன்றும் தெரியாது.

வந்தவர்கள் எதிர்பார்த்ததை அவர்களுக்குக் காட்டுவதும் எங்கள் தொழிலின் ஒரு பகுதி. மூன்று கடல்கள் சேரும் கோட்டைக் காட்டும்படி கேட்பார்கள். கடலில் கோடு ஏது? ஆனாலும் பாறைக்கு மேற்கே தண்ணீரின் நிறம் மாறித் தெரியும் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டுவோம். “ஆமாம், ஆமாம்” என்பார்கள். மே மாதத்தில் வந்து, சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க வேண்டும் என்பார்கள். எங்கள் கரை மேற்கே போகப்போகச் சற்று வடக்காக வளைந்து ஏறுவதால், கோடையின் உச்சியில் சூரியன் கடலுக்குள் இறங்குவதில்லை. நிலத்துக்குப் பின்னால் போய்விடும். மார்கழி, தை மாதங்களில்தான் அது கடலில் மூழ்குவதை நன்றாகப் பார்க்கலாம். இதைச் சொன்னால் வந்தவர்களின் முகம் வாடும். ஆகவே சொல்லமாட்டோம். “இன்னைக்கு மேகம் சாரே” என்போம்.

வந்தவர்களின் கண்ணால் சொந்த ஊரைப் பார்க்கக் கற்றுக்கொண்ட குழந்தைகள் நாங்கள். எது அழகு, எது பார்க்கத் தக்கது, எது விலைபோகும் என்பதை அவர்கள்தான் எங்களுக்குக் கற்பித்தார்கள். காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில், அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் சூரிய ஒளி விழுவது விசேஷம் என்பது, அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் முண்டியடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பகவதியம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கென்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதிய கதையை என் பாட்டியைவிட அழகாக வழிகாட்டிகள் சொன்னார்கள். எங்கள் ஊர் எங்களுக்கே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு காட்சியாக ஆகிவந்தது.

*

சென்னைக்கு வந்து இருபது வருடங்கள் கழித்து, 2003-இல், ஒரு சிற்றிதழில் என் ஊரைப் பற்றி எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள், இரண்டு பேர் கடிதம் எழுதினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. விவேகானந்தர் நினைவு மண்டபம் 1970-இல் திறக்கப்பட்டபோது அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த கூட்டம், 1979-இல் முதல் ரயில் வந்தபோது தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டது, டிசம்பர் மாதத்தில் அலங்கார உபகார மாதா கோயில் திருவிழாவின் விளக்குகள், 2000-ஆம் ஆண்டின் முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை வந்த பிறகு மாறிப்போன கடலின் முகம், அதற்கு முந்தைய வெறும் பாறையின் தனிமை, எல்லாம் அதில் இருந்தன. கட்டுரையின் உச்சமாக ஒரு காட்சியை எழுதியிருந்தேன். விடியலில் தொடுவானத்தில் கட்டுமரங்கள் கறுப்புப் புள்ளிகளாக வரிசையாகத் தெரியும். கடலின் நெற்றியில் யாரோ மையால் பொட்டுகளை இட்டதுபோல் இருக்கும் என்று. சூரிய உதயத்தையே பார்க்காத நான் அதை எங்கிருந்து பார்த்தேன்? சுற்றுலா அட்டைப் படங்களிலிருந்துதான். அவற்றையும் எங்கள் கடையில் விற்றோம்.

அந்த இதழை என் பள்ளி நண்பனுக்கு அனுப்பினேன். அவன் வீடு வாவத்துறையில். பாறைக்குப் போகும் படகுத்துறையை ஒட்டிய மீனவர் குடியிருப்பு அது. படகுக்காக வரிசையில் நிற்பவர்களுக்கு எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் எட்டிப்பார்ப்பவர்கள் குறைவு. அவனிடமிருந்து பதில் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26 வந்தது. அன்றைய தொலைக்காட்சியில் என் ஊர் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர்கள் உயிர் தப்பியது மிகப்பெரிய நிம்மதிதான். ஆனால் அன்று மாலை வெகுநேரம்வரை என் மாவட்டத்தின் மற்றக் கரைகளைப் பற்றி என்னால் எதுவும் அறிந்துகொள்ள முடியவில்லை. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் என்ன நடந்திருக்கிறது என்பது பின்னர்தான் தெரிந்தது. பழையாறு கடலில் சேரும் இடத்தில் மேல்மணக்குடியையும் கீழ்மணக்குடியையும் இணைத்த பாலம் பெயர்ந்து போயிருந்தது. மாவட்டத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். அந்தக் கரைகள் அட்டைப் படங்களில் இல்லாதவை. கேமராக்கள் பழகிய இடத்திலேயே நின்றிருந்தன.

ஜனவரியில் ஊருக்குப் போனேன். நண்பன் பிழைத்திருந்தான். அவன் தாய்மாமன் குடும்பத்தில் மூவர் இல்லை. எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. சின்னமுட்டம் துறைமுகத்தில் உடைந்து ஒதுங்கிக் கிடந்த படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது, எந்தத் தொடக்கமும் இல்லாமல், அவன் சொன்னான்:

“நீ எழுதுனத வாசிச்சேன் மக்கா. நல்லாத்தான் எழுதியிருக்க. கடல் இருக்கு, மரம் இருக்கு. மரத்துல ஆள் இல்லியே.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காததுபோல் நின்றேன்.

அவன் அப்பா 1978 ஆடியில் கட்டுமரத்தில் போனவர், திரும்பவில்லை. நாங்கள் அப்போது எட்டாம் வகுப்பு. ஆடி அமாவாசைக்கு மறுநாள். முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வந்த பெருங்கூட்டத்தில் பாதி ஊரிலேயே தங்கியிருந்தது. இரண்டு பேர் போன மரத்தைக் காணவில்லை என்று செய்தி பரவியதும் கரை முழுக்க ஜனங்கள் கூடிவிட்டார்கள். தேடிப்போன மரங்கள் திரும்பிவரும்போதெல்லாம் வெளியூர்க்காரர்களும் சேர்ந்து எட்டிப்பார்த்தார்கள். பிற்பகல்வரை அந்தக் கூட்டம் கலையவில்லை. அன்று எங்கள் கடையில் நல்ல வியாபாரம். அம்மா முந்தைய இரவில் ஒட்டிவைத்த மணல் பொட்டலங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. சாயங்காலம் அப்பா என்னிடம் ஐந்து ரூபாயைக் கொடுத்து, நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். அந்த ஐந்து ரூபாயை நான் மறந்ததே இல்லை. ஆனால் என் கட்டுரையில் அது இல்லை. கறுப்புப் பொட்டுகள் இருந்தன.

*

அந்தப் பேச்சு அதோடு முடியவில்லை. நண்பன் என்னைக் குற்றம்சாட்டிவிட்டு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு மன்னிப்பைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பேன். அவன் வேறொன்றைச் சொன்னான்.

“நீங்க கரையில நின்னு எங்களப் பாக்கியளே, நாங்க கடல்ல நின்னு ஒங்களப் பாக்கோம்லா?”

கடலுக்கடியில் பார்கள் இருக்கின்றன. மீன் அங்கேதான் கூடும். மேலே தண்ணீர் எங்கும் ஒரேமாதிரி இருக்கும்போது, கீழே உள்ள பாரை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையைத் திரும்பிப் பார்த்துத்தான். மாதா கோயில் கோபுரத்தின் உச்சி மருத்துவாழ் மலையின் எந்தத் தோளுக்கு நேராக வருகிறது, இன்னொரு பக்கம் எந்தத் தென்னந்தோப்பு எந்தப் பாறைக்கு நேராக நிற்கிறது, இந்த இரண்டு நேர்க்கோடுகளும் வெட்டும் இடத்தில் நங்கூரம். தகப்பன் மகனுக்குக் காட்டிக்கொடுத்த கணக்கு அது. ஒரு குடும்பத்தின் பார் இன்னொரு குடும்பத்துக்குத் தெரியாமலும் இருக்கும். அதோடு எந்தக் காற்று எந்த நீவாட்டைக் கொண்டுவரும், எந்த நீவாட்டில் வலை நிற்கும், எதில் நிற்காது என்பதும் உண்டு. நான் பார்ப்பதற்காக என்று எண்ணிக்கொண்டிருந்த கோபுரமும் மலையும் கடலில் இருந்தவர்களுக்கு முகவரிகள். அவர்கள் தினமும் என் ஊரை, நான் ஒருமுறைகூடப் பார்த்திராத பக்கத்திலிருந்து, உயிரைப் பணயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுற்றுலா ஊரைப் பற்றிய நம் ஏக்கத்தில் உள்ள பிழை இதுதான் என்று நினைக்கிறேன். அது வந்துபோகிறவனின் பார்வையை ஊர்க்காரனின் நினைவு என்று நம்பிவிடுகிறது. ‘பழைய கடற்கரை’ என்று நாம் உருகுவது பெரும்பாலும் பழைய காட்சியை. கடை குறைவாக இருந்த, லாட்ஜ் குறைவாக இருந்த, பார்க்கத் தடையில்லாத கரையை. அந்தக் கரையில் யார் வலை உணர்த்தினார்கள், யாருடைய மரம் எங்கே ஏற்றிவைக்கப்பட்டிருந்தது, அந்த இடம் அவர்களிடமிருந்து எப்போது நகர்ந்தது என்ற கேள்விகள் ஏக்கத்தில் எழுவதில்லை. அம்மாவின் மணல் பொட்டலத்துக்கும் இந்த வகைக் கட்டுரைக்கும் பெரிய வித்தியாசமில்லை. நிறம் பிரித்து, அளந்து, காற்றுப்புகாமல் ஒட்டிக் கொடுத்துவிடுகிறோம். வாங்கியவர் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

இதை வெறும் அழகியல் பிரச்சினையாக நான் சொல்லவில்லை. கடலைக் காட்சியாக மட்டும் அறிவதற்கு உயிர்விலை இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைக் கடந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களில் பலருக்கு எச்சரிக்கை போய்ச்சேரவே இல்லை. குமரி மாவட்ட மீனவர்கள் 100 பேருக்கும் மேல் திரும்பவில்லை. கரையில் விழுந்த மரங்களும் மின்கம்பங்களும் உடனே செய்தியாயின. கடலில் இருந்தவர்களுக்காக அவர்களுடைய குடும்பங்கள் குழித்துறையில் ரயில் மறியல் செய்ய வேண்டியிருந்தது. 2024 மே மாதத்தில், கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் பொங்கும் என்று எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. காற்றில்லாமல், வானம் தெளிந்திருக்கும்போதே எங்கோ தொலைவில் எழுந்த பேரலை கரையேறும். சொல்லாமல் வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் கடலோர மக்கள். கடற்கரையின் படம் தமிழ்நாடு முழுக்கப் போயிருக்கிறது. அந்தச் சொல் போகவில்லை. நாங்கள் விற்ற கடலில் அது இல்லை.

*

என்மீது ஓர் ஆட்சேபம் எழும் என்பது தெரியும். சுற்றுலாவின் சோற்றைத் தின்று வளர்ந்துவிட்டு இப்போது அதைப் பழிக்கிறாயா என்று கேட்கலாம். நான் பழிக்கவில்லை. என் கல்லூரிக் கட்டணம் சங்கிலும் சோழியிலும் இருந்து வந்தது. வந்தவர்கள் இல்லையென்றால் நான் வேறு மொழிகளின் ஓசையைக் கேட்டிருக்கமாட்டேன். வெளியே ஓர் உலகம் இருப்பதே தெரிந்திருக்காது. 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டபோது, என் தலைமுறை ஊர்க்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. நீர்மட்டம் தாழ்ந்தாலோ கடல் சீறினாலோ சிலைப் பாறைக்குப் படகு விடமாட்டார்கள். எத்தனையோ பேர் வடநாட்டிலிருந்து வந்து வள்ளுவரைத் தூரத்திலிருந்தே பார்த்துத் திரும்பியதை அறிவேன். இப்போது நடந்துபோகிறார்கள். நல்லது. விவேகானந்தர் மண்டபம் வந்தபோதும் ‘அந்தப் பாறை போயிற்று’ என்று வருந்தியவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அந்த மண்டபத்தை என் பால்யத்தின் சின்னமாக நினைத்து இன்று நான் உருகுகிறேன்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. ஏக்கமும் ஒரு பாதுகாப்புதானே, அது இல்லையென்றால் இருந்ததையாவது யார் எழுதிவைப்பார்கள் என்பது. இதற்கு நம் இலக்கியமே பதில் சொல்லியிருக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977), தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988), ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) மூன்றும் தென்கோடிக் கரைகளைச் சொல்பவை. மூன்றிலும் கடந்துபோன காலத்தின் மீது பெரும் பிரியம் இருக்கிறது. ஆனால் எதிலும் கடல் பார்ப்பதற்கான பொருளாக நிற்கவில்லை. வல்லங்களுக்கும் லாஞ்சுகளுக்கும் மூளும் பகையாக, வடக்கு வீட்டு முதலாளியின் அதிகாரமாக, வலையை இழுக்கும் கைகளாக அது இருக்கிறது. அங்கே ஏக்கம் கேள்வி கேட்கிறது. யார் இழந்தார்கள், யாரிடம் இழந்தார்கள் என்று கணக்கு வைக்கிறது. நினைவை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரத்தில் ஆள் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம் என்கிறேன்.

அப்படி எழுதினால் சில சங்கடங்கள் வரும். என் அப்பாவின் நல்ல வியாபாரத்தையும் நண்பனின் அப்பாவையும் ஒரே பத்தியில் வைக்க வேண்டிவரும். அம்மா ஒட்டிய கறுப்பு மணலைப் பற்றி எழுதும்போது, கிள்ளியூர் வட்டாரக் கடற்கரையில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக அந்தக் கிராமங்கள் ஏன் திரண்டன என்பதையும் எழுத வேண்டிவரும். பொட்டலத்தில் அழகாகத் தெரிந்த அதே மணல்தான். கட்டுரையின் நயம் சற்றுக் கெடும். ஊரின் நினைவு சரியாகும்.

*

சென்ற ஆண்டு தை மாதத்தில் நண்பனின் மகன் தன் ஃபைபர் வள்ளத்தில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனான். அறுபது வயதில், என் ஊரை முதல்முறையாகக் கடலிலிருந்து பார்த்தேன். ஊர் இவ்வளவு சிறியதா என்று இருந்தது. ஒரு மண்ணிற வரம்பு, அதன்மேல் லாட்ஜுகளின் வெள்ளைப் பெட்டிகள், வெண்ணிறக் கோபுரம், பின்னால் நீலமாக மலை.

“பழைய குறியெல்லாம் இப்ப இருக்கா?” என்று கேட்டேன்.

“தோப்பு போயாச்சு. அந்த எடத்துல அஞ்சு மாடி லாட்ஜு வந்திருக்குலா, இப்ப அதுதான் குறி” என்றான். “பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டாம். ஜிபிஎஸ் இருக்கு. ஆனா மிஷினு கெட்டா வேணும்லா, அதனால சொல்லிக்குடுத்து வச்சிருக்கேன்.” அவன் குரலில் வருத்தம் ஏதும் இல்லை. தோப்பு போனதற்காக உருகியவன் நான்தான்.

அவன் மகன் இன்ஜினைத் தணித்துவிட்டு, கோபுரத்தையும் மலைத் தோளையும் எனக்குப் பொருத்திக் காட்டினான். நேராக வந்ததும், “இப்பம் அடியில பார்” என்றான். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் எல்லா இடத்திலும் இருப்பதுபோலவே இருந்தது. நண்பன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்பா காட்டித் தந்த பாரு இது” என்றான்.

திரும்பி வரும்போது பாறைக்குப் போகும் படகு எங்களைக் கடந்தது. ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையணிந்த பயணிகள் எங்கள் வள்ளத்தை நோக்கிக் கைகாட்டினார்கள். பலர் கைபேசியை நீட்டிப் படமெடுத்தார்கள். நண்பனின் மகன் பதிலுக்குக் கையசைத்தான். நானும் கையை உயர்த்தினேன். அவர்களுடைய படத்தில், காலை வெளிச்சத்துக்கு எதிரே, நாங்கள் மூவரும் சிறிய கறுப்புப் புள்ளிகளாகத்தான் விழுந்திருப்போம்.